நாழிகை வட்டில் முதல் குவார்ட்ஸ் படிகம் வரை

காலத்தை அளக்கத் தொடங்கிய நாள்முதல் மனிதன் ஒரு கவலையையும் உடன்சுமந்து வருகிறான். அவன் செய்த கடிகாரம் தண்ணீரால் இயங்கினாலும், சுருள்வில்லால் இயங்கினாலும், மின்கலத்தால் இயங்கினாலும் அது சிறிதளவேனும் பிழைபடும் என்பதே அக்கவலை. பிழையே அற்ற கடிகாரத்தை இதுவரை எவரும் செய்ததில்லை. அங்ஙனமாயின் சரியான நேரம் என்ற ஒன்று உலகில் எவ்வாறு நிலைபெறுகிறது? இவ்வினாவுக்கு வரலாற்றின் துணைகொண்டு விடை காண்பதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

இவ்வினா என்னிடம் வந்த வழியையும் கூறிவிடுகிறேன். ஜீடிமெட்லா தொழிற்பேட்டையை அடுத்து வாழும் தமிழ்க் குடும்பங்களின் பிள்ளைகளுக்கு ஞாயிறுதோறும் தமிழ் வகுப்பு நடைபெறுகிறது. வகுப்பு நடக்கும் கொட்டகையில் மின்சாரம் நிலையாக இராது. ஆகவே பாலிடெக்னிக்கில் பயிலும் என் மகன், மைக்ரோகண்ட்ரோலர் எனப்படும் சிறு சில்லு ஒன்றைக் கொண்டு, மின்கலத்தால் இயங்கும் மணிப்பெட்டி ஒன்றைச் செய்து தந்தான். வகுப்புத் தொடங்கும்போதும் முடியும்போதும் அது தானே மணியடிக்கும். தைத் திங்களில் கூரையடியில் மாட்டிய பெட்டியை ஆனித் திங்களில் ஒத்துப் பார்த்தபோது, ஆறு நிமிடம் பின்தங்கி இருந்தது. பையன் மனம் உடைந்துபோனான். "நல்ல படிகமாகப் பார்த்துத்தான் வாங்கினேன் அப்பா. அப்படியும் தவறிவிட்டதே" என்றான். தவறியது வியப்பன்று, தவறாதிருந்தால்தான் வியப்பு என்பதை அவனுக்கு உணர்த்தும்பொருட்டு நான் புரட்டிய ஏடுகளின் சாரமே இது.

தண்ணீர் அளந்த காலம்

நம் முன்னோர் ஒரு நாளை அறுபது நாழிகையாகப் பகுத்தனர். ஒரு நாழிகை இன்றைய கணக்கில் இருபத்துநான்கு நிமிடம். அதனை அளந்த கருவி நாழிகை வட்டில். கன்னல் என்பதும் அதுவே. பத்துப்பாட்டுள் ஒன்றாகிய முல்லைப்பாட்டில், பாசறையில் தங்கியிருக்கும் அரசனுக்குக் கன்னலைப் பார்த்துப் பொழுது கூறுவோரை நப்பூதனார் காட்டுகிறார். போர்க்களத்திலும் பொழுதைக் கணிக்கத் தனியே ஆட்கள் இருந்தனர் என்பது எண்ணி மகிழத்தக்கது.

ஆயினும் கன்னலுக்கும் பிழையுண்டு. குளிர்காலத்தில் தண்ணீர் சற்றே தடித்து மெல்ல ஒழுகும். வெயில் காலத்தில் விரைந்து ஒழுகும். துளையில் தூசு படிந்தால் ஒழுக்குக் குறையும். தேய்ந்து அகன்றால் மிகும். எனவே கன்னலை வைத்திருந்தவன் அதனைப் பார்த்துக்கொண்டு மட்டும் இருந்தால் போதாது. பகலில் கதிரவனையும் இரவில் விண்மீன்களையும் கண்டு அவ்வப்போது ஒத்துப் பார்க்க வேண்டியிருந்தது. கருவி ஒன்று, அதனைத் திருத்தும் அளவுகோல் மற்றொன்று. காலக் கணக்கின் வரலாறு முழுவதும் இவ்விரண்டின் வரலாறேயாகும்.

நுங்கம்பாக்கத்துத் தூண்

இதனைத் தெளிவாகக் காட்டும் சின்னம் சென்னையிலேயே உள்ளது. 1786இல் வில்லியம் பெட்ரி என்பவர் எழும்பூரில் தமக்கெனத் தொடங்கிய வானாய்வுக் கூடம் பின்னர்க் கிழக்கிந்தியக் கம்பெனியின் கைக்கு வந்தது. அதற்கென மைக்கேல் டாப்பிங் அமைத்த கட்டடம் 1792இல் நுங்கம்பாக்கத்தில் நிறைவுற்றது. அங்கே நிறுத்தப்பெற்ற கருங்கல் தூண் பதினைந்து அடி உயரமும் ஏறத்தாழப் பத்து டன் எடையும் உடையது. கட்டடம் மறைந்த பின்னரும், வானிலை ஆய்வு மைய வளாகத்தில் அத்தூண் இன்றும் நிற்கிறது. அதில் தமிழிலும் எழுத்துப் பொறிக்கப்பட்டுள்ளது என்பது நமக்குப் பெருமை தருவதாகும்.

ஒரு தொலைநோக்கியைத் தாங்க அத்துணைப் பெரிய தூண் எதற்கு? தெருவில் வண்டி ஓடினாலும், கூடத்தில் ஒருவர் நடந்தாலும் கருவி அசையக்கூடாது என்பதற்காகவே. அத்தூணின்மேல் இருந்த தொலைநோக்கி தெற்கு வடக்காக மட்டுமே திரும்பும். குறிப்பிட்ட விண்மீன் ஒன்று உச்சிக்கோட்டைக் கடக்கும் கணத்தை, அருகிலிருந்த ஊசற் கடிகாரத்தின் ஓசையைக் காதால் கேட்டபடியே கண்ணால் கண்டு குறித்தனர். அவ்விண்மீன் எப்போது கடக்க வேண்டும் என்பது அட்டவணையில் உள்ளது. கடிகாரம் காட்டிய நேரத்துக்கும் அட்டவணை நேரத்துக்கும் உள்ள வேறுபாடே கடிகாரத்தின் பிழை. இன்றைய பிழைக்கும் நேற்றைய பிழைக்கும் உள்ள வேறுபாடே அதன் நாட்போக்கு.

இங்கே ஊன்றி நோக்கத்தக்கது ஒன்றுண்டு. பிழை தெரிந்தவுடன் அவர்கள் கடிகாரத்தின் முள்ளைத் தொட்டுத் திருப்பிவிடுவதில்லை. திருப்பினால் கடிகாரத்தின் இயல்பான போக்குக் கலைந்துவிடும். ஆகவே பிழையை ஏட்டில் எழுதி, கணக்கில் திருத்திக்கொண்டனர். அரசு அலுவலகத்தில் எழுத்தராகப் பணியாற்றும் எனக்கு இது மிக விளங்குகிறது. பதிவேட்டில் தவறு நேர்ந்தால் அதனைச் சுரண்டி அழிப்பது குற்றம்; ஒரு கோடிட்டு, மேலே சரியானதை எழுதி, சுருக்கொப்பம் இடுவதே முறை. மறைத்த பிழை பொய்யாகும். எழுதிவைத்த பிழை மெய்க்குத் துணையாகும்.

ஒரு தமிழ்நாட்டு உதவியாளர்

அக்கூடத்தில் தலைமை உதவியாளராக விளங்கியவர் சிந்தாமணி ரகுநாதாச்சாரியார். 1861 முதல் அரசு வானியலாளராக இருந்த போக்சனின்கீழ் அவர் பணியாற்றினார். 1867இல் ஒளி மாறும் விண்மீன் ஒன்றைக் கண்டறிந்தார். 1868 ஆகஸ்டு 18இல் நிகழ்ந்த முழுக் கதிரவ மறைப்பைக் காண, நிஜாம் நாட்டு வனபர்த்திக்குச் சென்ற குழுவுக்கு அவரே தலைவர். இன்று தெலங்கானாவில் உள்ள அவ்வூருக்கு நூற்றைம்பது ஆண்டுகளுக்கு முன்னரே சென்னையிலிருந்து ஒருவர் காலத்தை அளக்க வந்தார் என்பதை இங்கு வாழும் நாம் அறிந்திருத்தல் வேண்டும். 1874இல் வெள்ளி கதிரவனைக் கடந்த நிகழ்ச்சியைப் பற்றி மக்கள் அறியுமாறு தமிழ் முதலிய மொழிகளில் அவர் நூல் வெளியிட்டார்.

வானத்தை நேரிற்கண்டு கணிக்கும் திருக்கணிதப் பஞ்சாங்க முயற்சியிலும் அவர் ஈடுபட்டார். வாக்கியமா, திருக்கணிதமா என்னும் வழக்கு நம் வீடுகளில் இன்றும் எழுவதுண்டு. அவ்வழக்கின் அடியில் உள்ளதும் இதே செய்திதான். எத்துணைச் சிறந்த கணக்காயினும், நூற்றாண்டுகள் ஒத்துப் பாராது விட்டால் வானத்தினின்றும் விலகும்.

சென்னை நேரமும் இந்திய நேரமும்

இருப்புப்பாதை வருமுன் ஒவ்வோர் ஊரும் தன் தலைக்குமேல் கதிரவன் வந்த நேரத்தையே நண்பகலாகக் கொண்டது. கிரீன்விச்சுக்குப் பம்பாய் 4 மணி 51 நிமிடமும், சென்னை 5 மணி 21 நிமிடமும், கல்கத்தா 5 மணி 53 நிமிடமும் முந்தியவை. ஊருக்கு ஒரு நேரம் இருந்தால் இரயில் ஓட முடியுமோ? பம்பாய்க்கும் கல்கத்தாவுக்கும் ஏறக்குறைய நடுவில் சென்னை இருந்தது. நேரத்தை நாள்தோறும் சரிபார்த்துத் தந்தி வழியே அனுப்ப வானாய்வுக் கூடமும் இருந்தது. ஆகவே 1870களில் சென்னை நேரமே இந்திய இருப்புப்பாதைகளின் நேரமாயிற்று. நாடெங்கும் நிலையங்களில் தொங்கிய கடிகாரங்கள், நுங்கம்பாக்கத்துத் தூணை நோக்கித் தம் முட்களைத் திருத்திக்கொண்டன.

1906 சனவரி முதல் நாள், 82½ பாகை நெடுவரையை அடிப்படையாகக் கொண்ட இந்தியத் திட்ட நேரம் நடைமுறைக்கு வந்தது. அது கிரீன்விச்சுக்கு 5½ மணி முந்தியது. சென்னை மக்கள் தம் கடிகாரத்தை ஏறத்தாழ ஒன்பது நிமிடம் முன்தள்ள வேண்டியிருந்தது. கல்கத்தா 1948 வரையிலும், பம்பாய் 1955 வரையிலும் தத்தம் ஊர் நேரத்தை விடாமல் வைத்திருந்தன. பழக்கப்பட்ட பிழையைக்கூட எளிதில் விடாதது மனித இயல்பு போலும்!

ஐதராபாத்தின் பங்கு

நாம் வந்து குடியேறிய இந்நகரும் காலக் கணக்கில் பின்தங்கியதன்று. சார்மினாரின் நான்கு முகங்களிலும் 1889இல் கடிகாரங்கள் பொருத்தப்பெற்றன. நவாப் ஜாஃபர் ஜங் என்னும் பெருமகனார் 1901இல் பிசல்பண்டாவில் தம் சொந்தப் பொருளில் நிஜாமியா வானாய்வுக் கூடத்தை நிறுவினார். 1907இல் அவர் மறைந்தபின் நிஜாம் அரசு அதனை ஏற்றுக்கொண்டு பேகம்பேட்டைக்கு மாற்றியது. விண்மீன்களின் இருப்பிடத்தை உலகளவில் படம்பிடித்து அட்டவணைப்படுத்தும் பெரும்பணியில் அக்கூடம் பங்கேற்றது. டி. பி. பாஸ்கரன் 1918 முதல் 1944 வரை அதன் இயக்குநராக விளங்கினார்.

பிற்காலத்தில் கைக்கடிகாரத் தொழிலும் இங்கு வந்தது. 1961இல் ஜப்பானின் சிட்டிசன் நிறுவனத்துடன் கூடிப் பெங்களூரில் கைக்கடிகாரம் செய்யத் தொடங்கியது எச்.எம்.டி. அந்நிறுவனத்தின் இயந்திரக் கருவித் தொழிற்சாலை ஜீடிமெட்லாவை அடுத்த சிந்தலில் அமைந்தது. ஐதராபாத் ஆல்வின் நிறுவனமோ 1980களில் ஜப்பானின் சீகோவுடன் கூடிக் கைக்கடிகாரங்களைச் செய்தது. தமிழ்நாட்டு அரசின் டிட்கோவும் டாட்டா குழுமமும் சேர்ந்து 1984இல் தொடங்கிய டைட்டன், ஓசூரில் தொழிற்சாலை அமைத்துக் குவார்ட்ஸ் கடிகாரத்தை நாடெங்கும் பரப்பிற்று. ஆல்வின் கைக்கடிகாரம் 1990களில் மறைந்தது, எச்.எம்.டி. கைக்கடிகாரத் தொழிலை மூட 2016இல் முடிவெடுக்கப்பட்டது. ஆயினும் ஆல்வின் காலனி என்ற பெயர் குகட்பள்ளியில் நிலைத்திருக்கிறது.

படிகத்தின் துடிப்பு

இனி என் மகனின் பெட்டிக்கு வருவோம். அதன் உள்ளே முள்ளும் இல்லை, சுருள்வில்லும் இல்லை. குவார்ட்ஸ் படிகம் ஒன்று துடித்துக்கொண்டிருக்கிறது. சிலவகைப் படிகங்களை அழுத்தினால் மின்சாரம் தோன்றுகிறது என்பதை 1880இல் ஜாக் கியூரி, பியேர் கியூரி என்னும் உடன்பிறந்தார் கண்டனர். மின்சாரம் செலுத்தினால் அப்படிகம் அதிரும் என்பது அதன் மறுபக்கம். 1927இல் அமெரிக்காவின் பெல் ஆய்வகத்தில் மாரிசனும் ஹார்ட்டனும் அவ்வதிர்வைக் கொண்டு கடிகாரம் செய்தனர். 1969 திசம்பர் 25இல் சீகோ வெளியிட்ட ஆஸ்ட்ரான், அதனை மனிதனின் மணிக்கட்டுக்குக் கொண்டுவந்தது.

இன்று வழக்கிலுள்ள கடிகாரப் படிகம் இசைக்கவை வடிவிலானது. நொடிக்கு 32,768 முறை அதிரும். இந்த எண்ணை ஏன் தேர்ந்தனர்? இதனைப் பாதியாக்கி, அதனையும் பாதியாக்கி, இவ்வாறு பதினைந்து முறை பகுத்தால் சரியாக ஒன்று வரும். அரை, கால், அரைக்கால், வீசம் என்று பாதி பாதியாகப் பகுத்த நம் பழங்கணக்கின் முறையே ஈண்டுச் சில்லுக்குள் இருந்து நொடியைப் பிறப்பிக்கிறது.

அப்படிகத்துக்கும் பிழையுண்டு. சாதாரணப் படிகம் பத்து இலட்சத்தில் இருபது பங்கு வரை பிழைபடலாம் என்பர். சிறிதாகத் தோன்றும் இது, 86,400 நொடி கொண்ட ஒரு நாளில் 1.7 நொடியாகிறது, ஆண்டில் பத்து நிமிடத்தைத் தாண்டுகிறது. அதனோடு இணைக்கும் மின்தேக்கியின் அளவு படிகத்துக்கு ஒவ்வாததாயின் பிழை மேலும் மிகும். மூன்றாவது பகை வெப்பம். இவ்வகைப் படிகம் 25 பாகை செல்சியசில் நன்கு ஓடும். அதற்கு மேல் சென்றாலும் கீழ் வந்தாலும் மெதுவாகும். 45 பாகையில் அது நாளொன்றுக்கு ஏறத்தாழ 1.2 நொடி இழக்கும். ஐதராபாத்தின் சித்திரை வெயிலில், கூரைத் தகட்டுக்கு ஓரடி கீழே தொங்கிய பெட்டி என்ன செய்யும்? நூற்றைம்பது நாளில் ஆறு நிமிடம் என்றால் நாளொன்றுக்கு 2.4 நொடி. படிகத்தின் தன்மையையும் கூரையின் வெப்பத்தையும் கூட்டிப் பார்த்தால் அது நடக்கக்கூடியதே.

வெப்பத்தோடு நடந்த போர் பழமையானது. பதினெட்டாம் நூற்றாண்டில் ஜான் ஹாரிசன் என்னும் ஆங்கிலத் தச்சர், இருவேறு உலோகத் தகடுகளை ஒட்டி, வெப்பத்தால் வரும் மாற்றம் தானே திருந்துமாறு செய்தார். 1761இல் ஜமைக்காவுக்குக் கப்பலில் சென்ற அவருடைய கடிகாரம் எண்பத்தொரு நாளில் ஐந்து நொடியே பிழைத்தது. இவ்வெற்றியும் அதன் நாட்போக்கை முன்னரே அளந்து கணக்கில் சேர்த்ததால் கிடைத்ததாகும். இன்று வெப்பத்தைத் தானே அளந்து திருத்திக்கொள்ளும் கடிகாரச் சில்லுகள் கிடைக்கின்றன. அவை ஆண்டுக்கு ஒரு நிமிட அளவில் மட்டுமே பிழைபடும். ஹாரிசன் செய்ததை அவை வேறு பொருளால் செய்கின்றன.

உறங்கும் சில்லு, உறங்காத படிகம்

மின்கலத்தால் இயங்கும் கருவிக்குப் பிறிதொரு நெருக்கடியும் உண்டு; அது சிக்கனம். காசு வடிவிலான சிறு மின்கலம் ஒன்றில் ஏறத்தாழ 220 மில்லி ஆம்பியர்-மணி மின்சாரம் இருக்கும். சில்லு ஓயாது விழித்திருந்து 5 மில்லி ஆம்பியர் உண்டால், இரண்டு நாளுக்குள் கலம் தீர்ந்துவிடும். ஆகவே சில்லை உறங்கவைத்து, படிகத்தை மட்டும் ஓடவிடுகின்றனர். அந்நிலையில் தேவைப்படுவது ஒரு மில்லி ஆம்பியரில் ஆயிரத்தில் ஒரு பங்கே. நிமிடத்துக்கொரு முறை, நொடியில் நூற்றில் ஒரு பங்கு நேரம் மட்டும் சில்லு விழித்து, மணியடிக்க வேண்டுமா என்று பார்த்துவிட்டு மீண்டும் உறங்கினால், அந்த விழிப்பின் செலவும் சராசரியில் அதே அளவுதான். அப்போது கலம் ஆண்டுக்கணக்கில் உழைக்கும்.

சில்லுக்குள்ளேயே அமைந்த அலைவியைக் கொண்டு நேரத்தைக் கணிக்கலாமே எனின், அது ஆகாது. அது நூற்றில் ஒரு பங்கு பிழைத்தாலும் நாளில் பதினான்கு நிமிடம் போய்விடும். கட்டளை எழுதுவோர் செய்யும் தவறும் ஒன்றுண்டு. அடுத்த விழிப்பை, வேலை முடிந்த கணத்திலிருந்து எண்ணக்கூடாது. முன்பு விழிக்க வேண்டியிருந்த கணத்திலிருந்தே எண்ண வேண்டும். ஆறு மணிக்கொரு முறை தரவேண்டிய மருந்தைப் பத்து நிமிடம் தாழ்த்தித் தந்தவர், அடுத்த ஆறு மணியைத் தாழ்த்திய நேரத்திலிருந்து எண்ணினால், தாமதம் வேளைக்கு வேளை சேர்ந்துகொண்டே போகும் அன்றோ?

திருத்தமே கடிகாரம்

பையன் படிகத்தை மாற்றவில்லை. நாளொன்றுக்கு 2.4 நொடி என்ற பிழையை ஏட்டில் எழுதினான். பத்து மணி நேரத்துக்கு ஒரு நொடி கூட்டுமாறு கட்டளையைத் திருத்தினான். மாதத்துக்கொரு முறை, கைப்பேசி காட்டும் நேரத்தோடு பெட்டியை ஒத்துப் பார்த்து, வேறுபாட்டைத் தேதியிட்டுக் குறிக்கிறான். நுங்கம்பாக்கத்துத் தூணருகே நடந்ததும் இதுவேதான். அன்று விண்மீனை நோக்கினர். இன்று புதுதில்லியில் உள்ள தேசிய இயற்பியல் ஆய்வகத்தின் சீசியம் அணுக் கடிகாரங்கள் நம் நாட்டின் நேரத்தைக் காக்கின்றன. சீசியம் அணுவின் 9,192,631,770 அதிர்வுகளே ஒரு நொடி என்று 1967இல் உலகம் வகுத்துக்கொண்டது.

ஆகவே, சரியான நேரம் எந்தக் கடிகாரத்துக்குள்ளும் அடைபட்டுக் கிடப்பதன்று. தன் பிழையை அறிந்து, மறைக்காமல் எழுதி, தன்னினும் உயர்ந்த அளவுகோலோடு விடாமல் ஒத்துப் பார்க்கும் பழக்கத்திலேயே அது வாழ்கிறது.

கடைசியாக ஒன்று சொல்லி முடிக்கிறேன். பிறந்த மண்ணை விட்டு வந்த நம் வீடுகளில் தமிழும் இத்தகைய கடிகாரமே. ஊர் வெப்பத்துக்கு ஏற்ப அது நாளும் சிறிது விலகும். நம் பிள்ளைகள் தெலுங்கும் இந்தியும் ஆங்கிலமும் கலந்து பேசுவது அவர்கள் குற்றமன்று. வாழும் இடத்தின் இயல்பு. ஒரு நாளில் தெரியாத அவ்விலகல், ஒரு தலைமுறையில் பெரிதாகிவிடும். அதனை எண்ணி வருந்துவதோ, பிள்ளைகளைக் கடிவதோ பயன்தராது. வாரத்துக்கொரு முறையேனும் ஒத்துப் பார்க்க ஓரிடம் வேண்டும். அவ்விடமாக இச்சங்கமும் அதன் ஞாயிறு வகுப்பும் விளங்குகின்றன. அங்கே என் மகனின் பெட்டி மணியடிக்கும்போது, நம் பிள்ளைகள் அனைவரும் உள்ளே இருத்தல் வேண்டும் என்பதே என் வேண்டுகோள்.